இன்டர்வியூ முடிந்து மூன்று மாதம்: மருத்துவக் கல்லூரிக்கு இப்போது என்ன எழுதலாம்?

அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அந்த உரிமையோடேயே பதில் சொல்கிறேன். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள். உங்கள் மகள் இந்த வருஷம் எம்டி படிப்புக்கு (ஊரில் எம்பிபிஎஸ் மாதிரி, இங்கே மருத்துவராவதற்கான படிப்பே இதுதான்) விண்ணப்பித்து நான்கு கல்லூரிகளில் இன்டர்வியூ முடித்திருக்கிறாள். அவற்றில் ஒன்று அவள் மனசுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அங்கே அக்டோபரில் போய் வந்தாள். இப்போது ஜனவரி பாதி தாண்டிவிட்டது. விண்ணப்ப நிலையைக் காட்டும் கல்லூரியின் இணையப் போர்ட்டலைத் திறந்தால் 'தொடர்ந்து பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு வரிதான் நிற்கிறது. இன்னும் ஆர்வமாக இருக்கிறேன் என்று எழுதலாமா, எழுதினால் தொல்லை என்று நினைப்பார்களா? நான்கு கல்லூரிக்குமே 'நீங்கள்தான் என் முதல் விருப்பம்' என்று எழுதிவிடு என்று தோழி சொல்கிறாளாம், அது சரியா? அந்த ஊர் மருத்துவமனையில் வேலை பார்க்கும் உங்கள் பெரியப்பா மகன் ஒரு வார்த்தை சொன்னால் உதவுமா?

எழுதட்டும். ஆனால் 'முதல் விருப்பம்' என்ற சொல் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போக வேண்டும். அண்ணனை இதில் இழுக்க வேண்டாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் ஆறு வருஷம் ஒரு மருத்துவக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் இருந்தேன். கமிட்டியில் ஓட்டுப் போடும் ஆள் இல்லை. ஃபைல்களைத் தயார் செய்து கொடுப்பது, மாணவர்கள் அனுப்பும் கடிதங்களைப் படித்து அவரவர் ஃபைலில் சேர்ப்பது, மே மாதம் வந்தால் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் போன் செய்வது, இதெல்லாம்தான் என் வேலை. அதற்குப் பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில், மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். அதனால் இந்தக் கடிதங்களை எழுதும் பக்கத்திலிருந்தும் பிரித்துப் படிக்கும் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த மௌனத்தைப் பற்றி. மூன்று மாதமாகப் பதில் இல்லை என்றால் ஏதோ தப்பாகிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைக்கிறோம். உள்ளே நடப்பது வேறு. இன்டர்வியூ எடுத்தவர்கள் தங்கள் குறிப்பையும் மதிப்பெண்ணையும் பதிவு செய்கிறார்கள். கமிட்டி சில வாரங்களுக்கு ஒருமுறை கூடி ஒரு கட்டு ஃபைலை எடுத்துப் பேசுகிறது. சிலருக்கு உடனே இடம், சிலருக்கு உடனே மறுப்பு. நடுவில் இருக்கும் பெரிய கூட்டத்தை அப்படியே நிறுத்தி வைக்கிறார்கள். 'இவர் நமக்குப் பொருத்தமானவர்தான், ஆனால் சீசன் முடிய இன்னும் மாதங்கள் இருக்கிறதே, மிச்சம் பேரையும் பார்த்துவிடுவோம்' என்பதுதான் அதற்குப் பொருள். வேறு சில கல்லூரிகள் எல்லா இன்டர்வியூவும் முடியும் வரை யாருக்குமே பதில் சொல்லாமல் மார்ச்சில் ஒரே நாளில் சொல்லும். உங்கள் மகளின் கல்லூரி எந்த வகை என்று முதலில் பாருங்கள். அக்டோபர் 15-லிருந்தே இடம் கொடுக்க ஆரம்பித்துவிட்ட கல்லூரியின் மௌனமும், மார்ச் வரை வாயே திறக்காத கல்லூரியின் மௌனமும் ஒன்றில்லை.

சரி, இந்த நிலையில் ஒரு கடிதம் என்ன செய்துவிடும்? இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் தானாக வந்துவிடும். அமெரிக்காவில் எம்டி படிப்புக்கு வருஷா வருஷம் ஏறக்குறைய 50,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள். சேருபவர்கள் 23,000 பேர் அளவில். ஆனால் நன்றாகப் படித்த ஒரு பிள்ளை ஒரே சமயத்தில் மூன்று நான்கு இடங்களைக் கையில் வைத்திருக்கும். 150 இடம் உள்ள கல்லூரி 150 பேரை மட்டும் கூப்பிட்டால் வகுப்பில் பாதி காலியாகக் கிடக்கும். கூடுதலாகக் கூப்பிட்டு, எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி வகுத்திருக்கும் நடைமுறைப்படி, மார்ச் 15-க்குள் ஒவ்வொரு கல்லூரியும் குறைந்தது தன் வகுப்பின் அளவுக்காவது இடம் கொடுத்திருக்க வேண்டும். மாணவர்கள் ஏப்ரல் 15-க்குள் தங்கள் கையில் உள்ள இடங்களை மூன்றுக்குள் சுருக்கிக்கொண்டு, ஏப்ரல் 30-க்குள் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். மற்ற கல்லூரிகளின் காத்திருப்புப் பட்டியலில் மட்டும் தொடரலாம். அந்த ஏப்ரல் 30-ஐ ஒட்டித்தான் இடங்கள் மளமளவென்று காலியாகும். அப்போது பட்டியலில் பெயர்கள் நகர ஆரம்பிக்கும்.

அந்த நேரத்தில் எங்கள் அலுவலகம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரண்டு இடம் காலி. திரையில் இருபது பெயர். மதிப்பெண், இன்டர்வியூ, அனுபவம் எல்லாவற்றிலும் முதல் ஏழெட்டுப் பேர் ஒரே தட்டில் நிற்பவர்கள். டீன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கூப்பிட்டால் யார் வருவார்கள்?" ஒருவரைக் கூப்பிட்டு, அவர் மூன்று நாள் யோசித்து, வேண்டாம் என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டு என்று போனால் வாரங்கள் ஓடிவிடும். அந்த நிமிஷத்தில் ஒரு ஃபைலில் 'எனக்கு இடம் கொடுத்தால் நிச்சயம் வருவேன்' என்று தெளிவாக எழுதிய கடிதம் இருந்தால், அது அந்தக் கேள்விக்கு நேரான பதில். கடிதம் செய்வது இவ்வளவுதான். கமிட்டி தகுதி போதாது என்று ஏற்கெனவே முடிவு செய்த ஃபைலைக் கடிதம் தூக்கி நிறுத்தி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒரே தட்டில் நிற்கும் ஏழு பேரில் ஒருவரை முன்னால் நகர்த்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை. அந்தக் கல்லூரியின் இணையப் பக்கத்தையும், இன்டர்வியூ நாளில் கொடுத்த தாள்களையும், போர்ட்டலையும் மறுபடி வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். சில கல்லூரிகள் இன்டர்வியூவுக்குப் பிறகு எந்தக் கடிதமும் வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். சில, போர்ட்டலில் பதிவேற்றினால் மட்டும் பார்ப்போம் என்னும். சில, காத்திருப்புப் பட்டியலில் வைத்த பிறகுதான் வாங்கும். இன்னும் சில, ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று அளவே சொல்லியிருக்கும். வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு அனுப்பினால், சொன்னதைக் கேட்காத பிள்ளை என்ற பெயர்தான் மிஞ்சும். ஒன்றுமே சொல்லாத கல்லூரி என்றால் சேர்க்கை அலுவலகத்தின் பொது முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். தொல்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மாதம் ஒன்று என்று வர ஆரம்பித்தால்தான் சலிப்பு தட்டும்.

கடிதங்களில் வகை உண்டு, நம் வீடுகளில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். இன்டர்வியூ முடிந்த ஓரிரு நாளில் அனுப்பும் நன்றிக் கடிதம் மரியாதைக்கானது, நான்கு வரி போதும். அடுத்தது 'அப்டேட்': விண்ணப்பம் போட்ட பிறகு என்ன புதிதாக நடந்தது என்று சொல்வது. 'லெட்டர் ஆஃப் இன்டரஸ்ட்' என்பது, உங்கள் கல்லூரியில் எனக்கு ஆர்வம் குறையவில்லை, இன்ன காரணத்தால் என்று சொல்வது. இதை மனசாரப் பிடித்த எத்தனை கல்லூரிக்கும் அனுப்பலாம். கடைசியாக 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்'. நீங்கள்தான் என் முதல் விருப்பம், இடம் கொடுத்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவேன் என்று கொடுக்கும் வாக்கு அது.

உங்கள் மகள் இப்போது, ஜனவரியில், அனுப்ப வேண்டியது அப்டேட்டும் இன்டரஸ்டும் சேர்ந்த ஒரே கடிதம். வாக்குக் கொடுக்கும் கடிதத்தைப் பிப்ரவரி கடைசிக்கோ மார்ச்சுக்கோ வைத்துக்கொள்ளலாம். காத்திருப்புப் பட்டியல் என்று முடிவு வந்துவிட்டால் அந்த வாரமே அனுப்பலாம். ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றால், மற்ற மூன்று கல்லூரியின் பதிலும் பண விவரமும் தெரியாமல் வாக்குக் கொடுப்பது ஆபத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்டேட்டில் எது சேரும்? ஜூன் மாதம் விண்ணப்பித்தபோது இல்லாத, இப்போது இருக்கிற விஷயம். இலையுதிர் பருவ மதிப்பெண்கள், ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆய்வுக் கட்டுரை, புது வேலை, வேலையில் புதிய பொறுப்பு. 'இன்னும் அதே மருத்துவமனையில் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருக்கிறேன்' என்பது செய்தியாகாது. ஆனால் அதே இடத்தில் ஏதாவது மாறியிருந்தால் அது செய்திதான். என்னிடம் வந்த ஒரு பையன், இலவச மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துக்கொடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தான். முதல் வரைவில், முகாமில் இத்தனை மணி நேரம் கூடுதலாகச் செய்தேன் என்று எழுதி வந்தான். வேறு என்ன நடந்தது என்று துருவிக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: அளவு அதிகமாக இருப்பவர்களிடம் மருத்துவரைப் பாருங்கள் என்று சீட்டுக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்களாம், அடுத்த மாதம் அதே ஆள் அதே அளவோடு வந்து நிற்பாராம். ஒருநாள் இவனே ஒரு நோட்டுப் போட்டு, சீட்டு வாங்கியவர்களுக்கு இரண்டு வாரம் கழித்துப் போன் செய்து, போனீர்களா என்று கேட்க ஆரம்பித்தானாம். போகாதவர்களில் பலர் சொன்ன காரணம், வேலையில் லீவு கிடைக்கவில்லை என்பது. அதன் பிறகு முகாம் நடத்துபவர்களிடம் பேசி, சாயங்காலம் திறந்திருக்கும் கிளினிக்குகளின் பட்டியலைச் சீட்டின் பின்பக்கம் அச்சடிக்க வைத்திருக்கிறான். "இதைப் போய் எழுதுவதா? இது சின்ன விஷயமாச்சே" என்றான். அதைத்தான் எழுதச் சொன்னேன். அவன் எப்படிப்பட்ட மருத்துவனாக வருவான் என்று அந்த ஆறு வரியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, ஏன் இந்தக் கல்லூரி என்ற பகுதி. பிள்ளைகள் வழுக்கி விழுவது இங்கேதான். 'உங்கள் உலகத்தரமான ஆய்வு, பன்முகத்தன்மை கொண்ட மாணவர் சமூகம், நோயாளியை மையமாக வைத்த கல்வி' என்று எழுதுவார்கள். ஒரு சோதனை சொல்கிறேன். வரைவைத் தாளில் அச்செடுத்து, கல்லூரியின் பெயர் வரும் இடங்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் வேறு பெயரைப் போட்டாலும் கடிதம் அப்படியே நின்றால், அது யாருக்குமே எழுதாத கடிதம்.

வேறு பெயரோடு கடிதம் நிற்கக்கூடாது என்றால் இரண்டு பக்கமும் பிடி வேண்டும், கல்லூரியில் ஒன்று, பிள்ளையின் வாழ்க்கையில் ஒன்று. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1971-லிருந்து கிராமப்புற மருத்துவர் பயிற்சி ஒன்று நடக்கிறது. மூன்றாம் வருஷ மாணவர்கள் ஒன்பது மாதம் ஒரு சின்ன ஊரிலேயே தங்கி, அங்கிருக்கும் மருத்துவர்களோடு வேலை கற்றுக்கொள்வார்கள். அந்தத் திட்டம் பிடித்திருக்கிறது என்று மட்டும் எழுதினால், இணையப் பக்கத்தைப் படித்திருக்கிறாள் என்று தெரியும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் பிரசவத்துக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அம்மாவை அப்படி அழைத்துப் போன ராத்திரியில் பின் சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன் என்று ஒருத்தி எழுதி, அதனால் அந்த ஒன்பது மாதத்துக்காகவே இங்கே வர விரும்புகிறேன் என்றால், அந்த வரியை வேறு யாராலும் எழுத முடியாது. அதேபோல டியூக் பல்கலைக்கழகத்தில் அடிப்படை அறிவியல் பாடங்களை ஒரே வருஷத்தில் முடித்துவிட்டு, மூன்றாம் வருஷத்தை ஆய்வுக்கென்று ஒதுக்குவார்கள். ஆய்வகத்தில் பாதியில் நிற்கும் ஒரு கேள்வியை வைத்திருக்கும் பிள்ளைக்கு அது பொருந்தும். ஆய்வகப் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளை அதைப் பாராட்டி எழுதினால் ஒட்டாது.

இன்டர்வியூ நாளே நல்ல சுரங்கம். இரண்டாம் வருஷ மாணவி மதியச் சாப்பாட்டின்போது என்ன சொன்னாள், இன்டர்வியூ எடுத்த மருத்துவர் தன் நோயாளிகளைப் பற்றிப் பேசியபோது மகளுக்கு என்ன தோன்றியது, இதையெல்லாம் அவள் அன்றைக்கே குறித்து வைத்திருந்தால் பாதிக் கடிதம் தயார். காணொளி இன்டர்வியூ என்றாலும் குறிப்பு இருக்கும்.

ஜனவரிக் கடிதத்தின் அமைப்பைப் பெரிதாக யோசிக்க வேண்டாம். முதல் பத்தியிலேயே விஷயத்துக்கு வந்துவிட வேண்டும்: 'அக்டோபரில் உங்கள் கல்லூரியில் இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். பரிசீலனையில் இருப்பதாக அறிகிறேன். என் ஆர்வம் அன்றைவிட இன்று கூடியிருக்கிறது. காரணத்தையும், அதன் பிறகு நடந்தவற்றையும் கீழே தருகிறேன்.' அடுத்து அப்டேட், அடுத்து ஏன் இந்தக் கல்லூரி, கடைசியில் ஒரு நன்றி. ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். முந்நூறு, நானூறு வார்த்தை தாராளம். விண்ணப்பத்தோடு அனுப்பிய தனிக்கட்டுரையில் ('பர்சனல் ஸ்டேட்மென்ட்') எழுதியதைத் திரும்பச் சொல்லக்கூடாது. அது அந்த ஃபைலிலேயே இரண்டு தாள் தள்ளி இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, அப்பா பெயர் கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும். சிலருக்குக் கடவுச்சீட்டில் ஒரு வரிசை, பல்கலைக்கழகத்தில் வேறு வரிசை, கூப்பிடும் பெயர் இன்னொன்று. கடிதத்தில் விண்ணப்பத்தில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டு, பக்கத்தில் ஏஏஎம்சி அடையாள எண்ணையும் எழுதச் சொல்லுங்கள், மின்னஞ்சலின் தலைப்பு வரியிலும் சேர்த்து. எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை அருமையான கடிதம் ஒன்று வந்தது, எண் இல்லாமல், செல்லப் பெயரோடு. யாருடையது என்று கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாள் ஆயிற்று.

இப்போது தோழியின் யோசனைக்கு வருகிறேன். நான்கு கல்லூரிக்கும் 'நீங்கள்தான் முதல்' என்று எழுதுவதைச் சட்டம் தடுக்காது. அந்தக் கடிதத்தை வைத்து யாரும் வழக்குப் போட முடியாது. ஆனாலும் செய்யவே கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். சேர்க்கை அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் மாநாடுகளில் சந்திப்பவர்கள், வேலை மாறி ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்கள். மாட்டிக்கொள்வாளா என்பதைவிட எனக்கு முக்கியம் இன்னொன்று. அந்த வாக்கை நம்பி ஒரு டீன் மே மாதத்தில் இவள் பெயரைக் கூப்பிட்டு, இவள் வேண்டாம் என்றால், அந்த நாட்களில் பட்டியலில் அடுத்துக் காத்திருந்த பிள்ளை எங்கோ வேறு ஊரில் வீடு பிடித்துவிட்டிருக்கும். வாக்குக் கொடுத்துவிட்டு வராத இரண்டு பேரிடம் நான் போனில் பேசியிருக்கிறேன். இருவரும் கெட்ட பிள்ளைகள் இல்லை, எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டவர்கள். அதற்குப் பிறகு எங்கள் டீன் அப்படிப்பட்ட கடிதங்களை நம்புவதையே குறைத்துக்கொண்டார். உண்மையாக எழுதிய பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அந்த நஷ்டம்.

மற்ற மூன்று கல்லூரியிலும் உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறது என்றால் அதையே சொல்லலாமே. 'உங்களிடம் படிக்கக் கிடைத்தால் மிகவும் மகிழ்வேன்' என்று எழுதலாம், அதில் பொய் இல்லை. 'முதல்' என்ற சொல் மட்டும் அங்கே வேண்டாம்.

அந்த ஒரே வாக்கைக் கொடுப்பதற்கு முன்னால் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பணத்தைப் பேசிவிடுங்கள். இதைப் பல குடும்பங்கள் கடைசிவரை பேசுவதில்லை. கடன் வாங்கிப் படித்து முடிப்பவர்களின் கடன் நடுமதிப்பில் சுமார் 2 லட்சம் டாலர். 2026 ஜூலை 1 முதல், புதிதாக மருத்துவப் படிப்பில் சேருபவர்களுக்கு மத்திய அரசின் கடனுக்கு வரம்பு வந்திருக்கிறது: ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம். முன்பு முழுச் செலவுக்கும் கைகொடுத்த கிராட் பிளஸ் கடன் புது மாணவர்களுக்கு இல்லை. ஒரு தனியார் கல்லூரியின் கட்டணமும் வாடகையும் சேர்ந்தால் ஆண்டுக்கு 50,000-ஐச் சுலபமாகத் தாண்டும். மிச்சத்துக்கு எங்கே போவது? 'கொடுத்தால் நிச்சயம் வருவேன்' என்று எழுதிவிட்டு, ஏப்ரலில் சொந்த மாநிலக் கல்லூரி குறைந்த கட்டணத்தோடு கூப்பிட்டதும் மனசு மாறுவது மகளின் தப்பு இல்லை, முன்பே பேசாத நம் தப்பு. பணம் முடிவைத் தீர்மானிக்கும் நிலை என்றால், வாக்குக் கடிதத்தை எழுத வேண்டாம், இன்டரஸ்ட் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். கட்டணமே இல்லாத கல்லூரிகள் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகம் 2018-லிருந்து அப்படி. நியூயார்க்கிலேயே உள்ள ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு, அங்கே பேராசிரியராக இருந்த ரூத் காட்டெஸ்மன் 2024-ல் 100 கோடி டாலர் கொடுத்த பிறகு அங்கேயும் அப்படி. ஆனால் கடிதத்தில் அதைக் காரணமாக எழுதக்கூடாது. விண்ணப்பிக்கிற ஒவ்வொருவருக்கும் அந்தக் காரணம் இருக்கிறது.

பெரியப்பா மகன் விஷயம். ஊரில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் தெரிந்தவர் மூலம் போவது நமக்குப் பழக்கம். அதில் பாசமும் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. இங்கே எம்டி கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் எல்சிஎம்இ அமைப்பின் விதியிலேயே, யாரைச் சேர்ப்பது என்ற இறுதிப் பொறுப்பு முறையாக அமைக்கப்பட்ட சேர்க்கைக் கமிட்டிக்குத்தான், அரசியலோ பணமோ அந்த முடிவைத் தொடக்கூடாது என்று இருக்கிறது. வெளியிலிருந்து வரும் போனை அலுவலகங்கள் கூச்சத்தோடுதான் கையாளும், சில சமயம் அது ஃபைலில் குறிப்பாகவும் ஏறும். அண்ணன் உதவ வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது: அந்த ஊரில் மருத்துவராக வாழ்வது எப்படி, எந்தெந்த நோய் அங்கே அதிகம், கல்லூரியின் மாணவர்கள் வார்டில் எப்படி இருக்கிறார்கள் என்று மகளோடு அரை மணி நேரம் பேசட்டும். அதிலிருந்து அவள் தனக்குப் பட்டதை எழுதலாம். மகளோடு உண்மையிலேயே வேலை செய்த பேராசிரியரோ மருத்துவரோ புதிதாக ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதத் தயார் என்றால், கல்லூரி அதை வாங்கும் என்றால், அது வேறு, அதைச் சேர்க்கலாம். நீங்களும் போன் செய்ய வேண்டாம். பெற்றோரிடம் விண்ணப்பத்தைப் பற்றி அலுவலகம் பேசாது, பிள்ளை தானாக நிற்கவில்லையோ என்ற எண்ணம்தான் வரும்.

இரண்டு விதிவிலக்கைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் இருப்பவர்களுக்கு நடைமுறையே வேறு. அந்த மாநிலத்து விண்ணப்பச் சேவை வழியாகப் போகிறவர்கள் தங்கள் விருப்ப வரிசையைப் பட்டியலாகக் கொடுப்பார்கள், பிப்ரவரியில் 'மேட்ச்' வரும், அதாவது மாணவர்களின் வரிசையையும் கல்லூரிகளின் வரிசையையும் பொருத்தி இடம் ஒதுக்குவார்கள். அங்கே வரிசைதான் பேசும். இன்னொன்று, எச்-4 விசாவில், அதாவது பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில் இருக்கும் பிள்ளைகள். பல மாநிலக் கல்லூரிகள் குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாதவர்களை எடுப்பதில்லை. 21 வயதில் பெற்றோரின் விசாவிலிருந்து வெளியே வர வேண்டிய கவலையும் கூட. நிலை மாறினால், முக்கியமாகப் பச்சை அட்டை கைக்கு வந்தால், அன்றைக்கே எல்லாக் கல்லூரிக்கும் எழுதுங்கள். அதைவிடப் பெரிய அப்டேட் கிடையாது.

மார்ச்சுக்கு வருவோம். காத்திருப்புப் பட்டியல் என்று பதில் வந்தால், முதலில் அந்தப் பட்டியலில் இருக்கச் சம்மதம் என்று போர்ட்டலில் சொல்ல வேண்டும். சில கல்லூரிகளில் அதற்குக் கெடு உண்டு, தவறினால் பெயர் போய்விடும். அப்புறம் அந்த வாக்குக் கடிதம். அதில் முதல் வாக்கியமே 'எனக்கு இடம் தந்தால் ஏற்றுக்கொண்டு, மற்ற எல்லாக் கல்லூரியிலிருந்தும் விலகிவிடுவேன்' என்று இருக்க வேண்டும். 'உயர்ந்த விருப்பங்களில் ஒன்று' என்று மழுப்பினால் படிப்பவருக்குப் புரிந்துவிடும், இவள் வாக்குக் கொடுக்கவில்லை என்று. ஏப்ரல் 30-க்கு ஒரு வாரம் முன்னால் இரண்டே வரியில் இன்னொரு மின்னஞ்சல்: நிலை மாறவில்லை, இன்னும் வரத் தயார், இந்த எண்ணில் எந்நேரமும் கிடைப்பேன். அதற்கு மேல் வேண்டாம்.

மகளுக்கு இதற்குள் வேறு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தால், போக மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த இடங்களை அன்றே விட்டுவிடச் சொல்லுங்கள், ஏப்ரல் 30 வரை இழுக்க வேண்டாம். அவள் விடும் ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் போர்ட்டலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது, உங்கள் மகள் இப்போது பார்ப்பதைப் போலவே.

போன் விஷயம் ஒன்று பாக்கி. ஒரு மே மாத மதியம், ஒரே ஒரு இடம் காலியானது. முதல் பெயருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. குரல் அஞ்சல் நிரம்பிவிட்டது, செய்தி விட முடியாது என்று பதிவுக்குரல் வந்தது. கால் மணி கழித்து மறுபடி செய்தேன், அதேதான். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். டீன் வந்து, அடுத்த பெயருக்குப் போகலாமா என்று கேட்டார். அந்தப் பெண் எழுதிய வாக்குக் கடிதம் ஃபைலில் இருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். நாற்பது நிமிஷத்தில் மூச்சிரைக்கக் கூப்பிட்டாள். ஆய்வகத்தில் கையுறையோடு நின்றிருக்கிறாள். தெரியாத எண் என்பதால் போன் தானாகவே அமைதியாகிவிட்டதாம்.

அதனால் இன்றைக்கே மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். குரல் அஞ்சலைக் காலி செய்யட்டும். நான்கு சேர்க்கை அலுவலகத்தின் எண்களையும் போனில் பெயரோடு சேமிக்கட்டும், தெரியாத எண்களை அமைதியாக்கும் வசதியை ஆகஸ்ட் வரை அணைத்து வைக்கட்டும். மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியைத் தினம் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். ஜனவரிக் கடிதத்தின் வரைவு தயாரானதும், பெயரையும் எண்ணையும் மறைத்து எனக்கு அனுப்புங்கள், கட்டைவிரல் சோதனையை நானும் ஒருமுறை செய்து பார்க்கிறேன்.